ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர்

வென்டிலேட்டரைக் கையாளக் கற்றுக்கொள்ளலாம் என்ற ஆசையோடுதான் கோரிமேட்டு ஜிப்மரில் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனேன். நர்சிங் முடித்துவிட்டு வருகிறவர்களிடம் அந்த இயந்திரத்துக்கு ஒரு மவுசு உண்டு. திரையில் அலை ஓடும், எண்கள் மாறும், அலாரம் அடிக்கும். அதைப் பற்றி நாலு வார்த்தை பேசத் தெரிந்தால் வெளிநாட்டு இன்டர்வியூவில்கூட நிமிர்ந்து உட்காரலாம். எனக்கு வேலை பழக்கும் பொறுப்பு சேச்சியுடையது. அவரோ வென்டிலேட்டர் இருந்த பக்கம் திரும்பாமல், என்னை ஒரு தண்ணீர் பாட்டிலின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

சேச்சிக்கு ஊர் மாஹே. புதுச்சேரியில் அரசு வேலை பார்க்கிற யாருக்கும் இது புதிதல்ல. காரைக்கால்காரர், ஏனாமிலிருந்து வந்த தெலுங்குக்காரர், மாஹேயிலிருந்து வந்த மலையாளி எல்லோரும் ஒரே டியூட்டி சார்ட்டில் இருப்பார்கள். பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன கணக்கு அது. வார்டு முழுக்க, டாக்டர்கள் உட்பட, அவரைச் சேச்சி என்றே கூப்பிடும். தமிழில் திட்டுவார், மலையாளத்தில் கொஞ்சுவார். கொஞ்சல் பெரும்பாலும் வார்மரில் கிடக்கிறவர்களுக்குத்தான்.

பாட்டிலின் பக்கவாட்டில் சென்டிமீட்டர் அளவு குறித்திருந்தது. மூடி வழியாக இறங்கிய குழாயின் முனை, தண்ணீருக்குள் ஐந்து சென்டிமீட்டர் மூழ்கியிருந்தது. அங்கிருந்து குமிழிகள் கொப்பளித்தபடி இருந்தன. பபுள் சிபாப் என்பது இதுதான். காற்றும் ஆக்சிஜனும் வேண்டிய விகிதத்தில் கலந்து நிமிடத்துக்கு ஐந்தாறு லிட்டர் கிளம்பும். ஹியூமிடிஃபையரில் சூடும் ஈரமும் ஏறி, குழந்தையின் மூக்கில் செருகியிருக்கும் ப்ராங்ஸுக்கு வரும். மீதிக் காற்றும் குழந்தை விட்ட மூச்சும் மறு குழாய் வழியாகப் போய், அந்தத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டுதான் வெளியேற வேண்டும். முனை எத்தனை சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கிறதோ, கிட்டத்தட்ட அத்தனை சென்டிமீட்டர் நீர் அழுத்தம் எந்நேரமும் நுரையீரலைத் தாங்கும். மூச்சை இழுப்பதும் விடுவதும் குழந்தையேதான்.

“இவ்வளவுதானா சேச்சி?”

“இவ்வளவுதான் மோளே. பாக்கி எல்லாம் நம்ம கை.”

அந்த பாக்கி எவ்வளவு என்பது மெல்ல மெல்லத்தான் தெரிந்தது. முதல் பாடமே தண்ணீர் மட்டம். குளிர்ந்த அறையில் சூடான ஈரக் காற்று குழாயில் ஓடும்போது உட்பக்கம் வியர்த்துத் துளிகள் சேரும். அவை வழிந்து பாட்டிலில் சேர்ந்தால் மட்டம் ஏறும். யாரும் கை வைக்காமலே ஐந்து ஆறாகும். குழாயின் வளைவில் தேங்கினால் காற்று அதைத் தள்ளித் தள்ளிப் போகும், குழந்தையின் மூக்குப் பக்கமாகவும் போகக்கூடும். ஆகவே குழாயைத் தாழ்வாகத் தொங்கவிட்டு, வடித்து, மட்டத்தைக் குனிந்து கண்ணுக்கு நேராகப் பார்த்துக் குறிக்க வேண்டும். நின்ற வாக்கில் மேலிருந்து பார்த்துச் சொன்னால் சேச்சி ஏற்கமாட்டார்.

ஏன் இந்த ஐந்து சென்டிமீட்டருக்கு இத்தனை பாடு? 28 வாரத்தில் பிறந்த குழந்தையின் நுரையீரலில், காற்றறைகளின் உட்சுவரில் பூசியிருக்க வேண்டிய சர்ஃபாக்டன்ட் போதுமான அளவு ஊறியிருக்காது. அது ஊறி நிறைவதே 34, 35 வாரத்தை ஒட்டித்தான். அது இல்லாவிட்டால் காற்றறைகள், ஓட்டலில் சாம்பார் கட்டிக் கொடுக்கும் பிளாஸ்டிக் கவர் ஈரத்தில் ஒட்டிக்கொள்வதுபோல், ஒவ்வொரு முறை மூச்சு விட்டதும் ஒட்டிக்கொள்ளும். மறுபடி பிரிக்க மறுபடி முழுப் பலமும் வேண்டும். ஒரு கிலோகூட இல்லாத உடம்பு எத்தனை முறை பிரிக்கும்? சில மணி நேரத்தில் களைத்துவிடும். இந்தத் திணறலுக்குச் சர்ஃபாக்டன்ட் குறைபாடுதான் காரணம் என்று மேரி எல்லன் ஏவரி 1959இல் காட்டினார். அதற்குப் பிறகு 1963 ஆகஸ்டில், அமெரிக்க அதிபர் கென்னடிக்கு ஐந்தரை வாரம் முன்னதாக ஒரு மகன் பிறந்தான். எடை 2.1 கிலோ. உலகின் பெரிய மருத்துவமனைகளால் முடிந்ததெல்லாம் செய்தும் அதே திணறலில் இரண்டு நாளில் இறந்துபோனான். இன்று அந்த எடையில் ஒன்று எங்கள் வார்டுக்கு வந்தால், “பெரிய ஆளு வந்திருக்காரு” என்பார் சேச்சி.

1971இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜார்ஜ் கிரிகரி, இப்படித் திணறிய 20 குழந்தைகளுக்கு இடைவிடாத சிறிய அழுத்தம் கொடுத்துப் பார்த்தார். 16 பேர் பிழைத்தார்கள். அந்தக் காலத்திலேயே வென்டிலேட்டரும் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. அதன் மறுபக்கத்தை 1967லேயே ஸ்டான்ஃபோர்டில் நார்த்வே என்ற கதிரியக்க மருத்துவர் எழுதிவிட்டார். வென்டிலேட்டரின் அழுத்தமும் அதிக ஆக்சிஜனும் சேர்ந்து, பிழைத்த குழந்தைகளின் நுரையீரலைத் தழும்பாக்கியிருந்தன. ஆக்சிஜனை விட்டு வரவே முடியாத அந்த நிலையை நாங்கள் பி.பி.டி. என்போம். நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜென்-டியென் வுங் என்ற மருத்துவர், குழாயைத் தொண்டைக்குள் விடுவதைத் தள்ளிப்போட்டுத் தண்ணீர் பாட்டிலையே நம்பினார். எட்டு அமெரிக்க மையங்களை ஒப்பிட்டு ஏவரி குழுவினர் 1987இல் வெளியிட்ட கட்டுரையில், நாள்பட்ட நுரையீரல் சேதம் மிகக் குறைவாக இருந்தது அந்த மருத்துவமனையில்தான். எட்டில் ஒருவராக நின்றவரைப் பின்பற்ற உலகத்துக்கு இன்னும் இருபது வருடம் பிடித்தது. இயந்திரம் வாங்குவது எளிது, பழக்கத்தை மாற்றுவது கஷ்டம் என்பது தவிர எனக்கு வேறு விளக்கம் தோன்றவில்லை.

என்னைப் பிரசவ அறைக்கு அனுப்பியபோதுதான் கையின் பலம் எவ்வளவு ஆபத்து என்று புரிந்தது. ஒரு கிலோ குழந்தைக்கு ஒரு மூச்சின் அளவு நாலு முதல் ஆறு மில்லி. அதைப் பாலாடையில் ஊற்றினால் அடியை நனைக்கும், அவ்வளவுதான். பதற்றத்தில் பெரியவர் கை, மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையை அமுக்கினால் அதைப்போலப் பல மடங்கு உள்ளே போய்விடும். ஸ்வீடனில் குறைமாத ஆட்டுக்குட்டிகளை வைத்து இதைச் சோதித்து 1997இல் வெளியிட்டார்கள். பிறந்த கையோடு ஆறே ஆறு பெரிய மூச்சு கொடுத்தார்கள். அதற்குப் பிறகு சர்ஃபாக்டன்ட் கொடுத்தும் அந்த நுரையீரல்கள் சரியாக விரியவில்லை. ஆறு மூச்சு என்பது பத்து விநாடிகூட இல்லை. இதைக் கேட்ட நாளிலிருந்து பிரசவ அறையில் டி-பீஸ் கருவியின் முள்ளைச் சரிபார்க்காமல் நான் கையுறை மாட்டுவதில்லை. அந்தக் கருவியில் மேல் அழுத்தமும் கீழ் அழுத்தமும் முன்கூட்டியே வைத்தபடி நிற்கும். நம் பதற்றம் குழந்தைக்குள் போகாது.

வார்டு வேலையில் பாதிக்கு மேல் மூக்கைச் சுற்றியது. ஸ்டாக்கினெட் துணியில் தொப்பி, அதன் இரண்டு பக்கமும் சேஃப்டி பின்னும் ரப்பர் பேண்டும், அவற்றில் குழாய்கள். தொப்பி தளர்ந்தால் ப்ராங்ஸ் ஆடும். இறுக்கினால் தலை நசுங்கும், கண்ணைச் சுற்றி வீங்கும். ப்ராங்ஸ் எடைக்கு ஏற்ற அளவில் 0, 1, 2 என்று வரும். புதிதாக வருகிறவர்கள் சின்னதுதான் மென்மை என்று நினைப்பார்கள். சின்னது ஓட்டையில் ஆடி ஆடிச் சதையைத் தேய்க்கும், சுற்றிலும் காற்றை ஒழுகவிடும். ஓட்டையை நிறைக்க வேண்டும், ஆனால் மூக்கின் ஓரம் வெளுக்கக்கூடாது. நடுத்தண்டை மட்டும் எதுவும் தொடக்கூடாது. ப்ராங்ஸுக்கும் அதற்கும் நடுவே இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தே ஆக வேண்டும். அந்த நடுத்தண்டு காகிதம் போலிருக்கும். ரத்த ஓட்டம் நின்றால் கருத்து உதிர்ந்துவிடும். வெளியூர் ஒன்றிலிருந்து அப்படி வந்த ஒரு குழந்தையைச் சேச்சி எனக்குக் காட்டினார். நுரையீரல் தேறியிருந்தது. மூக்குக்கு இரண்டு ஓட்டைக்குப் பதில் ஒரு பெரிய ஓட்டை. காட்டிவிட்டு ஒன்றும் சொல்லாமல் டார்ச்சை என் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை டார்ச் அடித்துப் பார்ப்பது என் வேலை.

பிறகு சத்தம். குமிழி கொப்பளிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தால் அழுத்தம் நிற்கிறது, நின்றால் எங்கோ ஒழுகுகிறது. குழந்தை வாயைத் திறந்துவிட்டதா, ப்ராங்ஸ் கழன்றதா, ஹியூமிடிஃபையர் பக்கம் இணைப்பு விட்டதா என்று வரிசையாகப் போக வேண்டும். நாளடைவில் காது பழகிவிட்டது. எதிர் வரிசையில் ஒரு பாட்டில் நின்றாலும் கை தானே வேலையை விட்டுவிட்டு அங்கே போகும். பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் பெருமையைச் சேச்சி நீடிக்க விடவில்லை. ஒரு நைட் டியூட்டியில் மூன்றாவது வார்மருக்கு என்னைக் கூப்பிட்டார். பாட்டில் நன்றாகக் கொப்பளித்தது. மட்டம் ஐந்து. ஃப்ளோ சரி. குழந்தைக்கு மட்டும் விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்ளே உள்ளே போனது. ரத்தத்தின் ஆக்சிஜன் சாச்சுரேஷன் 91, 89, 87 என்று இறங்கியது. ஏன் என்று கேட்டார். நான் குழாயைத் தொடக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டு வந்தேன். எல்லாம் இறுக்கமாக இருந்தது. “அப்ப காத்து எங்கே போகுது?” அப்போதுதான் பொறி தட்டியது. மூக்கு சளியால் அடைத்துவிட்டால் காற்று குழந்தைக்குள் போகாமல் ஒரு குழாயில் வந்து மறு குழாயில் திரும்பிப் பாட்டிலுக்குப் போய்விடும். குமிழி எப்போதும்போல் கொப்பளிக்கும். ஒரு சொட்டு சலைன் விட்டு, மெல்லிய குழாயால் மெதுவாக உறிஞ்சினோம். சாச்சுரேஷன் ஏறிவிட்டது. பாட்டில் சொன்னது குழாயின் நிலவரத்தை மட்டும்தான். குழந்தையின் நிலவரத்தை அதன் நெஞ்சில்தான் பார்க்க வேண்டும்.

அதற்கப்புறம் கொஞ்ச நாள் அவர் செய்த ஒரு காரியம் எனக்கு எரிச்சலாக இருந்தது. நான் போய் நின்றதும் மானிட்டருக்கு முன்னால் நின்று திரையை மறைத்துக்கொள்வார். “சொல்லு, எத்தனை?” மூச்சுத் திணறலை அளக்கும் சில்வர்மேன் ஸ்கோரை வெறும் கண்ணால் சொல்ல வேண்டும். மேல் நெஞ்சும் வயிறும் சேர்ந்து ஏறுகிறதா, எதிரெதிராக ஆடுகிறதா, விலா இடுக்கில் குழி, மார்பெலும்பின் கீழ் முனையில் குழி, மூக்கு விரிவது, மூச்சு விடும்போது முனகல். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் இரண்டு, கூட்டினால் பத்து. பூஜ்யம்தான் நல்ல மார்க்.

அந்த ஸ்கோருக்குப் பெயர் கொடுத்த வில்லியம் சில்வர்மேன் பார்த்த காலம் வேறு மாதிரியானது. 1940களிலும் ஐம்பதுகளின் தொடக்கத்திலும் குறைமாதக் குழந்தைகளுக்கு ஆக்சிஜனைக் கணக்கில்லாமல் கொடுத்தார்கள். உலகெங்கும் சுமார் 10,000 குழந்தைகளுக்குப் பார்வை போனது. பிற்பாடு பயந்து ஒரேயடியாகக் குறைத்தபோது வேறு குழந்தைகள் இறந்தன. 2010இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வும் அதே இழுபறியைத்தான் காட்டியது. சாச்சுரேஷனை 85 முதல் 89 வரை வைத்தால் கண் தப்பியது, மரணம் கூடியது. 91 முதல் 95 வரை வைத்தால் உயிர் நின்றது, கண் சேதம் கூடியது. நாங்கள் 90க்கும் 95க்கும் நடுவே நிறுத்தப் பார்க்கிறோம். மேல் அலாரத்துக்கும் கீழ் அலாரத்துக்கும் ஒரே வேகத்தில் ஓட வேண்டும். “நூறு வந்தா நல்லதுதானே சிஸ்டர், எதுக்குக் கொறைக்கிறீங்க?” என்று கேட்காத தாய் இல்லை. பரீட்சை மார்க் போலத்தான் அவர்களுக்கு அது படுகிறது.

சர்ஃபாக்டன்ட் கொடுக்கும் நாளில் எனக்குக் கிடைத்த வேலை, குப்பியைக் கையில் பொத்திக்கொண்டு நிற்பது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த மாட்டு நுரையீரல் மருந்தை உள்ளங்கைச் சூட்டில் எட்டு நிமிடம் வைக்க வேண்டும். குலுக்கினால் நுரைத்துவிடும், ஆகவே மெல்லச் சுழற்ற மட்டும் செய்யலாம். எல்லோரும் ஓடிக்கொண்டிருக்கும் அறையில் ஒருத்தி மட்டும் கையைப் பொத்திக்கொண்டு நிற்பது வேடிக்கையாக இருக்கும். முன்பெல்லாம் இதற்குத் தொண்டையில் குழாய் விட்டு, வென்டிலேட்டரில் போட்டாக வேண்டும். ஜெர்மனியின் கொலோன் நகரில் ஏஞ்சலா கிரிப்ஸ் குழுவினர் வேறு வழியைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். சிபாப் ஓடிக்கொண்டிருக்கும்போதே, மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் குழந்தையின் மூச்சுக்குழாயில் ஒல்லியான ஒரு ட்யூபை விட்டு, மருந்தை மெதுவாகச் செலுத்தி, உடனே எடுத்துவிடுவார்கள். லீசா என்று பெயர். டாக்டர் கை அதைச் செய்யும்போது ப்ராங்ஸ் நழுவாமல், கழுத்து வளையாமல், தலையை இரண்டு கைக்குள் பிடித்திருப்பது நர்ஸின் பொறுப்பு.

இதெல்லாம் எப்போதும் பலிக்கும் என்று சொன்னால் அது பொய். 2008இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில், 25 முதல் 28 வாரத்தில் பிறந்து சிபாப்பில் தொடங்கிய குழந்தைகளில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குக் கடைசியில் குழாய் போட வேண்டியிருந்தது. நுரையீரலில் ஓட்டை விழுந்து நெஞ்சுக்குள் காற்று நிறைவதும் சிபாப்பில் தொடங்கியவர்களிடம்தான் அதிகம். சேச்சிக்கு இதில் பிடிவாதம் கிடையாது. ஸ்கோர் ஏறி, ஆக்சிஜன் தேவையும் ஏறினால், “போதும், அவனைக் கஷ்டப்படுத்தாதீங்க, ட்யூப் போடுங்க டாக்டர்” என்று முதலில் சொல்வது அவராகத்தான் இருக்கும்.

இந்தியாவில் 2020இல் மட்டும் சுமார் 30 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன. உலகில் ஐந்தில் ஒன்றுக்கு மேல். பாட்டில் மலிவானது என்பதால் இந்த நாட்டுக்கு ஏற்ற வைத்தியம் என்று கூட்டங்களில் பேசுகிறார்கள். பாட்டில் மலிவுதான். அதன் பக்கத்தில் நின்று மட்டம் பார்க்க, டார்ச் அடிக்க, சளி எடுக்க, வயிறு காற்றில் உப்பாமல், வாய்வழியே வயிற்றுக்குப் போகும் ஓ.ஜி. ட்யூபைத் திறந்து வைக்க ஆள் வேண்டுமே, அது மலிவில்லை. வென்டிலேட்டர் வந்தால் ரிப்பன் வெட்ட ஆள் வருவார்கள். கூடுதலாக ஒரு நர்ஸ் சேர்ந்ததற்கு எந்த ஊரிலும் ரிப்பன் வெட்டி நான் பார்த்ததில்லை.

மூச்சு மறந்துபோகிற குழந்தைகளுக்குக் கஃபீன் போடுவோம். காபியில் இருக்கும் அதே சரக்கு. நைட் டியூட்டியில் அவர்களும் நாங்களும் ஒன்றின் தயவில்தான் விழித்திருக்கிறோம். அவர்களுக்குப் பால், எங்கள் மருத்துவமனையில் 2016இல் தொடங்கிய ‘அமுதம்’ தாய்ப்பால் மையத்தில், மற்றத் தாய்மார் தானமாகக் கொடுத்ததும் கிடைக்கும்.

சிபாப்போடேயே குழந்தையைத் தாயின் மார்பில் கட்டிவைக்கலாம் என்பதை நம்ப எனக்குக் கொஞ்சம் நாள் ஆனது. மரக்காணம் பக்கத்துப் பெண் ஒருத்தி, குழாய் கழன்றுவிடும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “நீ மூச்சு விடும்மா, உன்னப் பாத்துத்தான் அவன் கத்துக்கணும்” என்றார் சேச்சி. அவள் சிரித்ததில் குழந்தையும் குழாயும் சேர்ந்து குலுங்கின. சாச்சுரேஷன் அசையவில்லை.

அந்தக் குழந்தைக்குச் சிபாப்பை எப்போது எடுப்பது என்பதில் ரவுண்ட்ஸில் வாக்குவாதமே நடந்தது. ஒருவர் அழுத்தத்தை ஒவ்வொரு சென்டிமீட்டராகக் குறைக்கலாம் என்றார். இன்னொருவர், சில மணி நேரம் எடுத்துச் சில மணி நேரம் மாட்டலாம் என்றார். 32 வாரம் தாண்டட்டும், வெறும் காற்றில் அப்னியா, அதாவது மூச்சு நின்றுபோவது, இல்லாமல் இருக்கட்டும், பிறகு ஒரேயடியாக எடுக்கலாம் என்பது சேச்சியின் கட்சி. கடைசியில் அதுவே நடந்தது.

டிஸ்சார்ஜ் அன்று சேச்சி குழந்தையின் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தார். இந்த நுரையீரலுக்கு முதல் ரெண்டு வருஷம் புகை ஆகாது, சளி பிடித்தவர் யாரும் தூக்கக்கூடாது, விறகடுப்பு எரியும் இடத்தில் தூளி கட்டக்கூடாது என்று வரிசையாகச் சொன்னார். அந்த அப்பா தலையை ஆட்டிக்கொண்டே வந்து, “நான் பீடிய வெளிய நின்னு குடிச்சுக்கினா பரவால்லயா?” என்று கேட்டார்.

“சட்டையும் வெளியவே விட்டுட்டு வருவியா?”

அடுத்த கண் பரிசோதனைக்குக் குறித்த தேதியில் அவரே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். சேச்சி முதலில் பார்த்தது அவர் சட்டைப் பையை. ஒரு கைக்குட்டையும் பஸ் டிக்கெட்டும்தான் இருந்தன.